ஒளிநாடாவிலிருந்து வன்தட்டு வரை: வீட்டுக் கணினியில் படத்தொகுப்பு நடந்து வந்த பாதை



எங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டி முடிந்த மறுவாரம், மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். மகளின் ஓட்டப் பந்தயத்தைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார். அதை வீட்டுக் கணினியில் தொகுத்து, பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் காட்சி நான்கடி நடந்து நின்றுவிடுகிறது. ஒலி முன்னே ஓடப் படம் பின்னே நொண்டுகிறது. "சார், மெமரி கூட்டணுமா, கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணுமா? கடையில புதுசாவே வாங்கிடச் சொல்றாங்க" என்றார்.

ஒரு வரியில் விடை சொல்லி அனுப்பியிருக்கலாம். இதே கேள்வியை 2002ஆம் ஆண்டில் நானும் ஒரு கடையில் கேட்டு, தவறான விடைக்குப் பணம் கொடுத்தவன் என்பதால் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அந்தத் தவற்றின் விலை பணம் மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877இல் கோல கங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளிலிருந்து தொடங்குவது. அந்த முதல் தலைமுறை மரங்களுள் ஒன்றை இன்றும் கோல கங்சாரில் காணலாம். மரத்துக்கு வேலியும் பெயர்ப்பலகையும் உண்டு. அந்த மரங்களைச் சீவியவர்களின் லயங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது. பிறகு ஆட்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். கடைசியில் லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்துப் பள்ளியும் மூடப்பட்டது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். குறைந்தவற்றுள் எங்களுடையதும் ஒன்று.

தோட்ட நிர்வாகம் பாலின் எடையையும் பெரட்டுக் கணக்கையும் எழுதி வைத்தது. 1946இல் தொடங்கப்பட்ட மலாயத் திரைப்படப் பிரிவு அரசுக்கு வேண்டியதைப் படமெடுத்தது. மாரியம்மன் திருவிழாவையும் பள்ளிப் பரிசளிப்பையும் யார் எடுப்பார்? எங்கள் தோட்டத்தில் எடுத்தவர் என் சித்தப்பா. சிங்கப்பூரில் வேலை செய்து திரும்பியபோது வீடியோ 8 வகைக் கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். அந்த வகை 1985இல் சந்தைக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் நாடா. 1991 முதல் 1996 வரை பன்னிரண்டு நாடாக்களை அவர் நிரப்பினார்.

அக்காலத்தில் தொகுப்பு என்றால் இரண்டு ஒளிநாடா இயந்திரங்களைக் கம்பியால் இணைப்பதுதான். ஒன்று ஓடும், மற்றொன்று பதியும். வேண்டாத இடம் வரும்போது நிறுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஈப்போவில் திருமணப் படம் எடுத்துத் தந்த பலரும் இப்படித்தான் தொகுத்தனர். படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் நிறம் மங்கும். மூன்றாம் படியில் மணமகளின் பட்டுப்புடவையில் சரிகை தெரியாது. கணினியில் தொகுப்பது அப்போதே வந்துவிட்டதுதான். அவிட் நிறுவனத்தின் முதல் தொகுப்பு இயந்திரம் 1989இலும், அடோபி பிரீமியர் 1991இலும் வெளிவந்தன. அவை தொலைக்காட்சி நிலையங்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் உரியவை. தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டுபவை அல்ல.

எட்டச் செய்தது 1995இல் வந்த இலக்கவியல் நாடா. கேமராவே படத்தைச் சுருக்கி எண்களாக்கி நாடாவில் எழுதியது. ஃபயர்வயர் என்னும் ஒற்றைக் கம்பி அந்த எண்களை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தது. படியெடுப்பதால் மங்கும் தொல்லை தீர்ந்தது. ஆப்பிள் நிறுவனம் 1999இல் ஐமூவியையும், மைக்ரோசாஃப்ட் 2000இல் விண்டோஸ் மீயுடன் மூவி மேக்கரையும் தந்தன. அதே 1999இல் சோனி வெளியிட்ட டிஜிட்டல் 8 கேமராக்களுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அவற்றுள் பல, பழைய வீடியோ 8 நாடாவையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியே எண்களாக வெளியேற்றும். அதாவது சித்தப்பாவின் நாடாக்களுக்கு ஒரு பாலம் கிடைத்துவிட்டது.

2002இல் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நண்பரிடம் டிஜிட்டல் 8 கேமராவை இரவல் வாங்கினேன். என் கணினி பென்டியம் 3. 128 மெகாபைட் நினைவகம், 20 கிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் 98. நாடாவைக் கணினியில் ஏற்றத் தொடங்கியதும் சட்டங்கள் உதிர்ந்தன. தீமிதிக்காரர் குழியின் இக்கரையில் நிற்பார். கண் இமைத்தால் அக்கரையில் இருப்பார். நடுவில் அவர் நடந்ததைக் காணோம்! கடைக்காரர் ஒருவர், "வரைகலை அட்டை பழசு" என்றார். பயிற்சிக்கால உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் புதிய அட்டை வாங்கினேன். தீமிதிக்காரர் அப்போதும் நடக்கவில்லை.

கோளாறு எங்கே இருந்தது? இலக்கவியல் நாடா நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் வீதம் எண்களைக் கொட்டும். ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட். நாடா யாருக்காகவும் நிற்காது. வன்தட்டு அந்த வேகத்தில் இடைவிடாமல் எழுதியாக வேண்டும். விண்டோஸ் 98இல் வன்தட்டு, செயலியின் துணையின்றி நினைவகத்தோடு நேரே பரிமாறிக்கொள்ளும் முறை தானாக இயங்காது. சாதன மேலாளருக்குள் சென்று ஒரு கட்டத்தில் சரிக்குறி இட வேண்டும். இடாவிட்டால் ஒவ்வொரு துளி எண்ணையும் செயலியே சுமந்து வட்டில் வைக்கும்; இடையில் வேறு வேலை வந்தால் சட்டம் உதிரும். விடுதியில் அடுத்த அறையில் இருந்த பயிற்சி ஆசிரியர் ஒருவர் அந்தச் சரிக்குறியை இட்டார். தீமிதிக்காரர் குழியின் நடுவே நிதானமாக நடந்து வந்தார். செலவு: ஒரு கோப்பை தே தாரே. வரைகலை அட்டைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. திரையில் விளையாட்டுகளை வேகமாக வரைவதே அன்று அதன் தலையாய வேலை. நாடாவிலிருந்து வரும் எண்களை அது தொடுவதுகூட இல்லை.

இனிதான் என் பெருந்தவறு. 20 கிகாபைட் வட்டில் ஒரு மணி நேரப் படம்தான் கொள்ளும். ஆகவே ஒரு நாடாவை ஏற்றுவேன், தொகுப்பேன், இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு விசிடி ஆக்குவேன், பிறகு வட்டில் உள்ளதை அழித்துவிட்டு அடுத்த நாடாவை ஏற்றுவேன். இப்படி ஏழு நாடாக்கள். 'விசிடி ஆயிற்றே, நாடாவை ஏன் வீணாக்க வேண்டும்' என்று எண்ணி, அந்த ஏழையும் மறுபதிவுக்கு உறவினரிடம் கொடுத்துவிட்டேன். அவற்றின் மேல் இரண்டு திருமணங்களும் பிறந்தநாள் விழாக்களும் பதிவாயின. நம் நாட்டில் நாடாப் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள். விசிடியின் அளவு 352க்கு 288. நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளை வைத்துக்கொண்டு மூன்று பங்கை எறிந்துவிட்டேன். எறிந்தவற்றுள் என் பாட்டியின் முகமும் உண்டு. விசிடியில் அவர் வெள்ளைப் புடவை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து கட்டங்கள். அன்று வரைகலை அட்டைக்குக் கொடுத்த பணத்தை இரண்டாவது வன்தட்டுக்குக் கொடுத்திருந்தால் அந்த ஏழும் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

அந்த நாள்களில் செயலியும் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. இன்டெல் 1997இல் எம்.எம்.எக்ஸ். கட்டளைகளையும், 1999இல் பென்டியம் 3உடன் எஸ்.எஸ்.இ. கட்டளைகளையும் சேர்த்தது. தோட்டத்துக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம்: ஒரு வாளியைக் கையில் தூக்கி இரண்டு நடை நடப்பதற்குப் பதில், காண்டாக் கம்பில் இரண்டு வாளிகளை மாட்டி ஒரே நடையில் கொண்டுவருவது. ஒரு கட்டளை, பல புள்ளிகள். அந்தச் செயலிகளுள் பலவற்றின் முதுகில் 'மலாய்' என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். 1972 முதல் பினாங்கிலும் பின்னர் கூலிமிலும் இயங்கிவரும் ஆலைகளில் பொருத்திச் சோதித்ததன் அடையாளம் அது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் மின்னியல் ஆலைகளின் பேருந்துகளில் ஏறினார்கள். பால்மரத்துக்கும் பென்டியத்துக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைதான்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிவீழ்த்திகளும் வந்தன. ஆசிரியர்களில் பலர் படத்தொகுப்பை முதன்முதலாகச் செய்து பார்த்தது அவற்றில்தான். அவை பாடம் காட்டத் தரப்பட்ட கருவிகள். தொகுப்புக்குத் திணறியதில் வியப்பில்லை.

பிறகு நெரிசல் இடம் மாறியது. அதுவரை கேமரா ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்கியது. எந்தச் சட்டத்தைக் கேட்டாலும் உடனே எடுத்துக் காட்டலாம். 2003இல் எச்.டி.வி.யும் 2006இல் ஏ.வி.சி.எச்.டி.யும் வந்தபின், வீட்டுக் கேமராக்களில் கணக்கு வேறானது. நம் மாணவர் ஒருவர், "முந்தைய பக்கத்தைப் போலவே, மூன்றாம் வரியில் மட்டும் மாற்றம்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். ஏடு மிச்சம்தான். ஆனால் பத்தாம் பக்கத்தைப் படிக்க வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து புரட்டியாக வேண்டும். புதிய கேமராக்கள் இப்படித்தான் எழுதின. கோப்பு சிறுத்தது, வன்தட்டுக்கு வேலை குறைந்தது, புரட்டும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுந்தது. வன்தட்டே மூலகாரணம் என்று 2002இல் கற்ற நான், 2008இல் வேகமான வன்தட்டு வாங்கி மீண்டும் ஏமாந்தேன். இரண்டு உள்ளகங்கள் கொண்ட கோர் 2 டுவோ 2006இலேயே வந்துவிட்டது. என் பணம் அங்கே போயிருக்க வேண்டும்.

2011இல் நெரிசல் மீண்டும் நகர்ந்தது. அவ்வாண்டு இன்டெல், படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் மட்டுமே உரிய தனிப் பகுதியைச் செயலிக்குள்ளேயே வைத்தது. அது தன் மொழி தெரிந்த படத்தை நொடியில் விரிக்கும். தெரியாத மொழியானால் கைவிரித்துவிடும். பளு மறுபடியும் செயலியின் தலையில். 2017 முதல் ஐஃபோன்கள் எச்.இ.வி.சி. என்னும் புதிய மொழியில் எழுதத் தொடங்கின. இன்டெலின் ஆறாம் தலைமுறைக்கு, அதாவது 2015க்கு, முற்பட்ட செயலிகளில் அம்மொழிக்கு முழுமையான வன்பொருள் துணை இல்லை.

நம் நண்பரின் கணினி 2013ஆம் ஆண்டுச் செயலியைக் கொண்டது. நினைவகம் 8 கிகாபைட். காட்சி நிற்கும் நேரத்தில் பணி மேலாளரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நினைவகம் பாதிகூட நிறையவில்லை; வட்டு சும்மா இருந்தது; செயலி நூற்றுக்கு நூறு. கைப்பேசியின் கேமரா அமைப்பில் வடிவத்தை 'மிகவும் ஒத்தியலும்' என்பதற்கும், படத்தின் அளவை 4கே-யிலிருந்து 1080க்கும் மாற்றச் சொன்னேன். ஏற்கெனவே எடுத்ததற்குத் தொகுப்பு மென்பொருளிலேயே சிறிய பதிலிப் படத்தை உருவாக்கித் தொகுக்கலாம். இறுதியில் மென்பொருள் அசலையே எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் காசில்லை. கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டார். சுழலும் வட்டுக்குப் பதில் திண்மநிலை வட்டு. படத்தின் படியை வைக்க வெளி வன்தட்டு ஒன்று. நினைவகத்தை 16 கிகாபைட்டாக்குவது அதற்கடுத்து. நிறத்திருத்தமும் சிறப்புக் காட்சிகளும் நிறையச் செய்பவருக்கு மட்டுமே தனி வரைகலை அட்டை. புதிய கணினிதான் வேண்டும் என்றால், கைப்பேசி எழுதும் மொழியை அதன் செயலி விரிக்குமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவின் பன்னிரண்டில் ஐந்து நாடாக்கள் என் கைக்குத் தப்பின. 2002இல் அவை வேறொரு பெட்டியில் கிடந்தன. அவற்றை ஏற்ற வேண்டுமானால் எனக்குப் புதிய கணினி உதவாது. ஒளிநாடா இயந்திரம் செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. ஃபயர்வயர் துளை புதிய கணினிகளில் இல்லை; ஆப்பிள் 2025இல் வெளியிட்ட டஹோ இயங்குதளம் அதற்கான ஆதரவையே நீக்கிவிட்டது. நாடாவின் காந்தப் பூச்சோ நம் ஈரக் காற்றில் பூசணம் பிடிக்கிறது. எனவே, ஃபயர்வயர் அட்டை செருகிய பழைய மேசைக் கணினி ஒன்றைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன். பழைய பொருள் விற்பவரிடம் டிஜிட்டல் 8 கேமரா ஒன்றும் கிடைத்தது. அந்த மேசைக் கணினிக்கு நான் செய்த ஒரே மேம்பாடு ஒரு பெரிய வன்தட்டு. பெற்றோரில் யாரிடமேனும் இத்தகைய நாடாக்கள் இருந்தால், விடுமுறையில் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கேமரா உயிரோடு இருக்கும்வரை ஏற்றித் தருகிறேன். நாடாவைத் திருப்பியும் தந்துவிடுவேன்.

ஐந்தில் நான்கை ஏற்றிவிட்டேன். நான்காவது, 1994ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழா. மேடைக்குப் பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை இருக்கிறது. எழுத்துகளைப் படிக்க முடிகிறது. முன்வரிசையில், பேரன் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்த பாட்டி, கேமராப் பக்கம் ஒருமுறை திரும்புகிறார்.

ஐந்தாவது நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. அதை இன்னும் கேமராவுக்குள் போடவில்லை.