பங்குனி நிலவும் தீக்குச்சியும்

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டி ஒன்று உங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஆண்டுதோறும் ஒரே தேதிதான், டிசம்பர் 25. ஆனால் அதே கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் திருநாள் ஓர் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் வருகிறது. மற்றோர் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் வருகிறது. நாட்காட்டியை அச்சுக் கோப்பவர்கள் ஆடிப் பெருக்கன்றே அடுத்த ஆண்டுக்குரிய மாதிரிகளை வெளியிட்டுவிடுகிறார்கள். அப்படியானால் அந்தத் தேதியை அவர்கள் முன்கூட்டியே எங்ஙனம் அறிகிறார்கள்? திருநாளுக்குப் புத்தாடை உடுத்தி ஆலயம் செல்லும் ஒன்றாம் வகுப்புச் சிறுவன் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டால், அன்றைய விஞ்ஞான பாடத்துக்கு வேறு பொருள் தேட வேண்டியதில்லை.

விடை வானத்தில் இருக்கிறது. இரவும் பகலும் சமமாகும் வசந்த காலச் சமநாளை மார்ச்சு 21 என்று திருச்சபையார் வைத்துக்கொண்டனர். அன்றோ, அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியைக் கண்டறிந்து, அந்தப் பௌர்ணமியை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையை ஈஸ்டர் என்று கொண்டாடுகின்றனர். கி.பி. 325ஆம் ஆண்டில் நிசேயா என்னும் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, எல்லா நாட்டாரும் இத்திருநாளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. கணக்கின் நுட்பங்களை வகுத்தவர்கள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரத்துக் கணிதர்கள்.

மார்ச்சு 21க்குப் பின்வரும் முதல் முழு நிலவு என்றால் நம் கணக்கில் எது? பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமிதான். சில ஆண்டுகளில் சித்திரைப் பௌர்ணமி. 2024ஆம் ஆண்டில் மார்ச்சு 25, திங்கட்கிழமை பங்குனி உத்திரம். அதற்கடுத்த ஞாயிறு, மார்ச்சு 31, ஈஸ்டர். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலும், சிவகாசி பத்திரகாளியம்மன் கோயிலின் சித்திரைப் பொங்கலும் இதே பருவத்தில் நிகழ்பவை. கரிசற் காட்டின் வெயில் ஏறத் தொடங்கும் அந்த நாட்களில், கோயில் கொடியேற்றத்துக்கும் ஆலயத்து விடியற்கால ஆராதனைக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆயத்தமாவது இவ்வட்டாரத்தில் புதுமையன்று.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். திருச்சபை பார்ப்பது வானத்து நிலவையன்று, ஏட்டு நிலவை! 19 ஆண்டுகளில் நிலவு ஏறத்தாழச் சரியாக 235 முறை தேய்ந்து வளர்கிறது. ஆகவே 19 ஆண்டுகளுக்கு ஒரு முறை பௌர்ணமி அதே தேதிக்குத் திரும்பி வரும் என்று கொண்டு, ஒரு பட்டியலை அமைத்து வைத்திருக்கிறார்கள். ஏடும் வானமும் சில வேளைகளில் இணங்குவதில்லை. 2019ஆம் ஆண்டில் மார்ச்சு 21ஆம் நாளே நம் வானில் முழு நிலவு. அன்று பங்குனி உத்திரம். ஆனால் ஏட்டில் பௌர்ணமி ஏப்ரல் 18 என்று இருந்தது. ஆகவே மார்ச்சு 24ல் வரவேண்டிய திருநாள் ஏப்ரல் 21க்குத் தள்ளிப்போயிற்று. அதற்கு 19 ஆண்டுகள் கழித்து 2038ல் ஏட்டுப் பௌர்ணமி மறுபடியும் ஏப்ரல் 18. அன்று ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி ஞாயிறன்றே அமைந்தால் அடுத்த ஞாயிறைத்தான் கொள்ள வேண்டும் என்பது விதி. எனவே 2038ல் ஈஸ்டர் ஏப்ரல் 25. அதற்கு மேல் அது பிந்தி வரவே முடியாது. இதற்கு முன் அந்தத் தேதியில் வந்தது 1943ல்.

ஏட்டுக் கணக்கில் பிழை புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றிலே சான்று உண்டு. ஜூலியஸ் சீசர் காலத்து ஆண்டு, உண்மையான ஆண்டைக் காட்டிலும் சுமார் 11 நிமிடம் நீண்டது. பதினொரு நிமிடந்தானே என்று விட்டதன் பயன், 1582க்குள் திருச்சபையின் சமநாள் வானத்தின் சமநாளிலிருந்து 10 நாள் விலகிவிட்டது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி அவ்வாண்டு அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். ஈஸ்டரைச் சரிப்படுத்த எழுந்த அந்தத் திருத்தத்தைத்தான் இன்று நம் பள்ளி வருகைப் பதிவேடும் பின்பற்றுகிறது.

இத்தகைய கணக்கைக் கைவந்த கலையாகக் கொண்டிருக்கக்கூடிய ஒருவர் சிவகாசி மண்ணில் உறங்குகிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்பது அவர் பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிதத் தேர்வில் நான்காவது இடம் பெற்றுத் தம் கல்லூரியில் ஆய்வாளராக அமர்ந்தவர். அந்த வசதிகளை விட்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சென்னைக்கு வந்தார். 1854 முதல் வடதிருநெல்வேலி எனப்பட்ட இப்பகுதியில் தோழர்கள் இருவருடன் கூடாரம் அடித்துத் தங்கி, ஊர் ஊராக நடந்தார். தென்திருநெல்வேலிச் சபையார் தம் சொந்தச் செலவில் உபதேசியார்களை முறை வைத்து அனுப்பி அவருக்குத் துணை நின்றனர். 1858 அக்டோபர் 22ஆம் நாள், நுரையீரலில் குருதி கசிந்து, சிவகாசியிலேயே அவர் காலமானார்.

அவருடைய நோக்கம் மதம் பரப்புவதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் வேதம் வாசிக்க எழுத்தறிவு வேண்டும், எழுத்தறிவுக்குப் பள்ளி வேண்டும் என்ற முறையில், திருநெல்வேலிச் சீமை எங்கும் மிஷன் பள்ளிகள் எழுந்தன. சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் என்ற ஊர்ப்பெயரே அந்த வரலாற்றைச் சொல்லும். தனித்துச் சொல்ல வேண்டிய மற்றொன்று, மிஷனைச் சாராமல் எழுந்த பள்ளி. அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் நாடார் குலத்தினர் 1889ல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகர்கள் மகமை கொடுத்தனர். வீடுதோறும் பெண்கள் உலையிடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். கோயிலுக்குள் நுழைவதே மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், பிடி அரிசியால் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்ட கதையை, அரசர்களின் போர்களுக்கு முன்னதாகவே நம் சரித்திரப் புத்தகங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1903ல் பிறந்த காமராசர் பயின்றது அந்தப் பள்ளியில்தான். இளமையிலேயே படிப்பை விட நேர்ந்த அவர், முதலமைச்சரான பின் 1956ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார்.

இனி நெருப்பின் கதைக்கு வருவோம். மழை பொய்க்கும் நிலம். உழவை நம்பி வாழ முடியாத ஊர். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர் மத்தாப்பு, அதன்பின் பட்டாசு, பெட்டிக்கு ஒட்டும் வண்ணத் தாளுக்காக அச்சுத் தொழில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு வாணங்களின் வரத்து நின்றது சிவகாசிக்கு வாய்ப்பாயிற்று.

ஒரு தீக்குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையில் குழைத்து ஒட்டியிருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் பிரிந்திருக்கும்வரை தீமை இல்லை. உரசும்போது மட்டுமே தீ. குச்சியில் மெழுகு ஏறியிருப்பதால் சுடர் நிலைக்கிறது. மத்தாப்பின் வண்ணங்களும் இவ்வாறே: ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம். அடுப்பில் உப்பு சிந்தினால் தோன்றும் மஞ்சள், சோடியத்தினுடையது. ஈஸ்டருக்கு முந்திய இரவில் கத்தோலிக்க ஆலயங்களில் விளக்குகளை அணைத்துப் புதுநெருப்பு மூட்டி, அதிலிருந்து மெழுகுவத்திகளை ஏற்றுவர். இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலோ ஈஸ்டர் காலையில், கம்பியின் மேல் ஓடும் புறா வடிவ வாணம் ஆலயத்திலிருந்து பாய்ந்து வந்து, வெளியே நிற்கும் தேர் நிறைய வாணங்களைக் கொளுத்துகிறது. சிவகாசிச் சிறுவர் கண்டால் எவ்வளவு மகிழ்வர்!

மெழுகுவத்தியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் அதுவே ஓர் ஆசிரியர். மைக்கேல் பாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் சிறுவர்களைக் கூட்டி, ஒரு மெழுகுவத்தியை மட்டும் பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். நம் பள்ளிகளிலும் ஒரு சோதனை வழக்கம்: தட்டில் நீர் ஊற்றி, எரியும் வத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடுவது. சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நீர் நிரப்பியது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறப் பெருங் காரணம். சுடர் அணைந்த பிறகே நீர் விரைந்து ஏறுவதைக் கண்ணால் காணலாம்.

பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்ற சிறுவனாக இருந்து, தாம் கட்டிய புத்தகங்களையே படித்து விஞ்ஞானி ஆனவர். சிவகாசி வட்டாரத்தில் கந்தகத்தோடு நாள் முழுவதும் பழகிய சிறுவர்க்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1980களில் பொழுது புலருமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறிக்கொள்வர். சட்டங்களில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்களுடைய பாடம். எத்தனை சட்டம் அடுக்கினாயோ அத்தனைக்குக் காசு. அவர்கள் கையில் ரசாயனம் இருந்தது. ரசாயனத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் சிறப்புப் பள்ளிகள் தொடங்கின. 1996 டிசம்பர் 10ஆம் நாள், சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு விளைக்கும் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும்; அக்குழந்தைக்குக் கல்வி தர வேண்டும் என்பது அதன் சாரம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றும், 18 வயது நிரம்பாதவரை அபாயத் தொழிலில் அமர்த்தலாகாது என்றும் விதித்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு.

சட்டம் மட்டுமே இம்மாற்றத்தைச் செய்ததாக நான் கருதவில்லை. இயந்திரங்கள் வந்தன, பள்ளியில் சோறு கிடைத்தது, தாங்கள் பட்டது பிள்ளைகள் படக்கூடாது என்று தாய்மார் உறுதி கொண்டனர். 2023ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.85 விழுக்காடு தேர்ச்சியுடன் விருதுநகர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. எனினும் அத்தாய்மாரிற் பலர் இன்னும் பட்டாசு ஆபீசுக்குத்தான் செல்கின்றனர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அன்று நாடெங்கும் ஆசிரியர் தினம். மருந்துக் கலவை உராய்ந்தாலும், அதிர்ந்தாலும், ஈரம் பட்டுச் சூடேறினாலும் வெடிக்கக்கூடும் என்பதை இவ்வூர்ப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு முன்னரே கற்றிருக்க வேண்டும்.

2018ல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்களைத் தடை செய்தது. கம்பி மத்தாப்புக்குப் பேரியம் நைட்ரேட்டு முதன்மையான பொருள். அதற்கு ஈடான வேறொன்றைக் குறைந்த செலவில் காண்பது எளிதன்று. புகை குறைந்த கலவைகளை மத்திய அரசின் ஆய்வுக்கூடங்கள் வகுத்துத் தந்திருக்கின்றன. ஆயினும் பேரியம் இன்றிப் பழைய பச்சை ஒளியைப் பெறும் வழிக்கு இன்னும் ஆய்வு தேவைப்படுகிறது. அதைக் கண்டறியும் ரசாயனி, இப்போது சாட்சியாபுரத்திலோ திருத்தங்கலிலோ ஏதேனும் ஒரு வகுப்பறையில் அமர்ந்து, உப்பைச் சுடரில் தூவி மஞ்சள் நிறம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.