கோட்டை மண்ணில் கிடைத்த சிவப்பு மருந்து

தெற்கு இத்தாலியின் அபுலியா பகுதியில் காஸ்டல் டெல் மோன்டே என்ற 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை இருக்கிறது. 1950களில் அதன் அருகே அள்ளிய மண்ணில் ஒரு நுண்ணுயிர் செக்கச்செவேலென்ற நிறமியைச் சுரந்தது. மிலானின் ஃபார்மிட்டாலியா நிறுவனம் அதிலிருந்து டானோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தது. அதே நுண்ணுயிரில் மரபுமாற்றம் செய்தபோது இன்னும் வீரியமான ஒன்று கிடைத்தது. பக்கத்துக் கடலின் பெயரால் அதை ஏட்ரியாமைசின் என்றார்கள். மருத்துவப் பெயர் டாக்ஸோரூபிசின். 1974இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

மார்பகப் புற்று, லிம்போமா, சிறுவர்களின் எலும்புப் புற்று எல்லாவற்றிலும் கட்டிகள் கரைந்தன. ஆனால் புற்று அடங்கிய சிலருக்குக் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. இதயத் தசை தளர்ந்துபோயிருந்தது. 1979இல் டேனியல் வான் ஹாஃப் குழுவினர் 4,018 பேரின் பதிவுகளைப் புரட்டினார்கள். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராம் ஏறியவர்களில் சுமார் 7 சதவீதத்தினருக்கு இதயம் செயலிழக்கும் என்று கணக்கு சொன்னது. 700 என்றால் 18. வருடக்கணக்கில் ஏறிய மருந்தெல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகையே இங்கு வினை. அதனால்தான் இந்த மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு.

ஏன் இதயம்? இரும்போடு சேர்ந்து மருந்து கிளப்பும் தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுகள்தான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். இதயச் செல்லில் உள்ள டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதியை மருந்து பிடித்து மரபணு இழையை அறுப்பதே காரணம் என்று 2012இல் தெரியவந்தது. வேடிக்கை என்னவென்றால், காரணம் தெரியும் முன்பே காப்பு வந்துவிட்டது: லண்டன் ஆய்வகத்தில் பிறந்த டெக்ஸ்ராஸாக்ஸேன் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்தை அதிகம் தாக்காதபடி கொழுப்புறைக்குள் அடைத்த டாக்ஸோரூபிசினும் அதே ஆண்டுதான் வந்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது மிலானில் டேனியலா கார்டினாலே 2010இல் வெளியிட்ட முடிவு. இதயம் தளர்ந்தவர்களில், புற்று சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்குள் எனலாப்ரில் போன்ற சாதாரண பிரஷர் மாத்திரைகளைத் தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேருக்கு இதயம் முழுதாக மீண்டது. ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் அப்படி மீளவில்லை.

ஆகவே, இந்தச் சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது என்று கேட்டு எழுதி வையுங்கள். சிகிச்சைக்கு முன்பும் முடிந்த பின்பும் இதய எக்கோ எடுக்கத் தவறாதீர்கள்; மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.