பக்க எண் பிழைத்த கதை

கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலில், புகழ்பெற்ற குகை உவமை எவ்விடத்தில் தொடங்குகிறது? இக்கேள்விக்கு அறிஞர்கள் '514 ஏ' என்றே விடை தருவர். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்தாலும் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பார்த்தாலும் விடை அதுவே. ஆனால், அவர்கள் கையிலுள்ள நூலில் 514 பக்கங்களே இல்லாமலும் இருக்கலாம்! அப்படியானால் இந்த எண் எங்கிருந்து வந்தது?

விடை காண, அச்சுக்கலையின் தொடக்கக் காலத்துக்குச் செல்ல வேண்டும். கையால் எழுதிய சுவடிகளிலும் எண்ணிடும் வழக்கம் இருந்தது. நம் பனையோலைச் சுவடிகளின் ஓரத்தில் தமிழ் எண்களைக் காணலாம். ஏடுகள் கலைந்துபோனால் மீண்டும் அடுக்க அவை உதவின. ஆனால், ஒரு நூலின் இரு படிகளில் ஒரே செய்தி ஒரே ஏட்டில் அமைவது அரிது. ஆகவே, அந்த எண் அந்தச் சுவடிக்கு மட்டுமே பயன்பட்டது.

அச்சு இந்நிலையை மாற்றியது. ஒரு பதிப்பின் எல்லாப் படிகளிலும் பக்கங்கள் ஒன்றுபோல் அமைந்தன. 1470-இல் கொலோன் நகரில் அர்னால்டு தெர்ஹோர்னன் வெளியிட்ட ஒரு சிறு நூலில், தாள்களின் எண்கள் அச்சிலேயே இடப்பட்டிருந்தன. இவ்வழக்கம் பரவியபின், ஓர் ஊரார் குறிப்பிட்ட பக்கத்தை வேற்றூராரும் எளிதில் கண்டனர். பக்க எண் ஒரு முகவரி ஆயிற்று.

1578-இல் ஜெனீவாவில் ஆன்றி எஸ்தியன் என்பவர் பிளேட்டோவின் நூல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். இலத்தீனில் இவர் பெயர் ஸ்தெபானுஸ். பக்கத்தின் ஒரு பத்தியில் கிரேக்க மூலமும் மறுபத்தியில் இலத்தீன் மொழிபெயர்ப்பும் இருந்தன. இடையே ஏ, பி, சி என எழுத்துகள் இருந்தன. பின்வந்த பதிப்பாளர்கள் பக்க அளவை மாற்றினர். ஆனால் ஸ்தெபானுஸின் எண்களைக் கைவிடாமல் ஓரத்தில் அச்சிட்டனர். '514 ஏ' வந்த வழி இதுதான்.

இதே சிக்கல் கணிப்பொறியிலும் எழுந்தது. 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட், நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றும் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர், பக்கங்களைப் படமெடுத்து, எழுத்துகளைக் கணிப்பொறியே அறியச் செய்யும் முறை வந்தது. 2000-இல் தொடங்கிய ஒரு கூட்டுமுயற்சியில், தொண்டர்கள் ஆளுக்கொரு பக்கமாக இவற்றைப் பிழை திருத்தினர்.

திரையில் எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் இடம்பெயரும். தாளின் எல்லைக்கு அங்கே பொருளில்லை. எனவே, பக்கத் தலைப்புகளை நீக்குவர். அடிக்குறிப்புகளைப் பத்தியின் அல்லது இயலின் முடிவுக்கு நகர்த்துவர். பக்க முடிவில் இரண்டான சொல்லை இணைப்பர். தமிழ் நூல்களில் பெரும்பாலும் இணைகோடு இல்லாமலே சொல் முறிவதால், இங்கு மனிதக் கண்ணே முடிவு செய்ய வேண்டும்.

இவற்றோடு பக்க எண்ணையும் நீக்கினால் என்ன ஆகும்? நூலின் இறுதியிலுள்ள பொருளடைவு பயனற்றுப்போகும். '85, 112' என்று அது காட்டும் இடங்கள் எங்கும் இரா. பிற நூல்களில் காட்டிய மேற்கோள்களையும் சரிபார்க்க இயலாது.

இதற்குத் தீர்வு, பக்கத்தைச் சுவராகக் கருதாமல் மைல்கல்லாகக் கருதுவதே. 1987-இல் தொடங்கிய உரைக் குறியீட்டு முயற்சியில், புதிய பக்கம் தொடங்கும் இடத்தைக் காட்டத் தனிக்குறி வகுக்கப்பட்டது. அது வாக்கியத்தின் நடுவே வந்தாலும் வாக்கியம் முறிவதில்லை. எண்ணை ஓரத்தில் காட்டலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அட்டையும் முன்னுரையும் சேர்ந்தால், நூலின் முதற்பக்கம் பதினைந்தாவது படமாக இருக்கக்கூடும். இட வேண்டியது படத்தின் எண் அன்று. தாளில் அச்சான எண்ணே.

திரையில் படிக்கும் பழைய நூலின் ஓரத்தில் சிறிய எண்களைக் கண்டால், அவற்றை இடையூறென எண்ண வேண்டா. ஜெனீவாப் பதிப்பின் எண்களைப் பிற்காலத்தார் காத்த முறையே அங்கும் தொடர்கிறது.