கஞ்சியும் நூலும்

கைத்தறி நெசவில் பாவு நூலை நீளக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவார்கள். பருத்தி நூலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். கஞ்சியில் இருப்பது ஸ்டார்ச். இரண்டையும் அமிலத்தில் காய்ச்சி முழுக்க உடைத்தால் கிடைப்பது குளுக்கோஸ் ஒன்றுதான். பாடநூல்கள் இரண்டுக்கும் ஒரே வாய்பாட்டை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. வாய்பாடு அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும்; அவை எந்தத் திசையில் கைகோக்கின்றன என்பதைச் சொல்லாது.

வேறுபாடு முழுவதும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன், அடுத்ததன் நான்காம் கார்பனோடு ஆக்சிஜன் வழியாக இணைகிறது. முதல் கார்பனிலுள்ள ஆக்சிஜன் வளையத்துக்குக் கீழே நின்றால் ஆல்ஃபா பிணைப்பு. மேலே நின்றால் பீட்டா. ஸ்டார்ச்சில் ஆல்ஃபா. அதனால் சங்கிலி வளைந்து, சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் வீதம் சுருள்கிறது. அயோடின் அந்தச் சுருளுக்குள் புகுந்துகொள்வதால்தான் நீல நிறம் வருகிறது. செல்லுலோஸிலோ பீட்டா; குளுக்கோஸ்கள் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகுகின்றன; நீர் உள்ளே நுழைய இடமில்லை. எழுபது டிகிரி வாக்கில் அரிசி மாவு ஊதிக் குழைகிறது. வேட்டியை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் கரைவதில்லை.

1833இல் பெர்சோஸுடன் சேர்ந்து, ஸ்டார்ச்சைச் சிதைக்கும் டயாஸ்டேஸ் நொதியை முளைத்த பார்லியிலிருந்து பிரித்தவர் அன்செல்ம் பாயென். தாவரச் சுவரிலிருந்து 1838இல் செல்லுலோஸைப் பிரித்தெடுத்து, அதன் இயைபு ஸ்டார்ச்சை ஒத்திருப்பதைக் கண்டவரும் அவரே. ஒரே மனிதர் இரண்டையும் தொட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆல்ஃபாவா பீட்டாவா என்ற திசை நொதிக்கு நன்றாகத் தெரியும். நெய்த துணியிலிருந்து கஞ்சியை நீக்க ஆலைகள் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நொதியான அமிலேஸைப் பயன்படுத்துகின்றன. அமிலம் ஊற்றினால் நூலும் நைந்துபோகும். அமிலேஸ் ஆல்ஃபாவை மட்டும் வெட்டி, பீட்டாவைத் தொடாமல் விடுகிறது. நம் உமிழ்நீரிலும் அமிலேஸ் உண்டு. செல்லுலோஸை வெட்டும் நொதியை நம் உடல் உண்டாக்குவதில்லை. அதனால் அரிசி நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு.

மாட்டுக்கும் அந்த நொதி சொந்தமில்லை. அதன் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளே வைக்கோலைச் சிதைத்து, வரும் குளுக்கோஸைப் புளிக்க வைத்து, அசெட்டிக், புரோப்பியானிக் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு உறிஞ்சுவது அந்த அமிலங்களைத்தான். தனக்கு வேண்டிய குளுக்கோஸின் பெரும்பகுதியை, புரோப்பியானிக் அமிலத்திலிருந்து கல்லீரலில் அது புதிதாகச் செய்துகொள்கிறது.