சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா வான்வழி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கிலோமீட்டர். 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கிய இந்தச் சேவை, எங்கும் இறங்காமல் செல்லும் பயணிகள் விமானத் தடங்களில் உலகிலேயே மிக நீளமானது. பயண அட்டவணையில் காணும் நேரம் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம்.

15,349 என்பது புவிக்கோளத்தின் மேற்பரப்பை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், கென்னடி மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் உள்ளன. இரண்டும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். எனவே இந்தக் குறுக்குவழி தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக நேரே வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் கடந்து, கனடா மேல் தெற்கே இறங்குகிறது. தட்டையான உலகப்படத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினம். சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து கென்னடி வரை 49.4 பாகை, பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,318 வருகிறது. விரல்விட்டு எண்ணும் கணக்குக்கு இது மோசமில்லை.

ஆனால் விமானங்கள் இந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. நடு அட்சரேகைகளில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. அதைப் பின்காற்றாகப் பெற, நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடல் வழியைப் பிடிக்கிறது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கே வருவதும் உண்டு. அப்போது போக்கும் வரவும் சேர்ந்து ஓர் உலகச் சுற்றாகிவிடும்.

நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் நிலையத்துக்கு இதே நிறுவனம் 2004இலேயே ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை இயக்கியது. நான்கு எஞ்சின்கள் குடித்த எரிபொருளுக்குக் கட்டண வருவாய் ஈடாகவில்லை. 100 வணிக வகுப்பு இருக்கைகளாக மாற்றியும் பயனின்றி 2013இல் நிறுத்தப்பட்டது. 2018 அக்டோபரில் சேவையை மீட்டது இரட்டை எஞ்சின் கொண்ட ஏ350-900யூஎல்ஆர். இதன் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். அவ்வளவு எரிபொருளைத் தூக்க வேண்டியிருப்பதால் இருக்கைகள் 161 மட்டுமே: வணிக வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. நான்கு விமானிகள் முறை மாற்றி ஓய்வெடுத்து ஓட்டுகின்றனர்.

நியூயார்க் நேரம் சிங்கப்பூருக்குக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் பின்தங்கியது. குளிர்காலத்தில் நண்பகலில் சாங்கியை விட்டுக் கிளம்பினால், அன்று மாலையே, ஏறத்தாழ 5 மணி 40 நிமிடம் கழிந்தாற்போல, நியூயார்க்கில் இறங்கலாம். அங்கே இரவு பத்தரைக்கு ஏறித் திரும்புபவர் சிங்கப்பூரில் கால் வைப்பது மூன்றாம் தேதிக் கணக்கில், விடியற்காலையில்.