கோப்பையின் வரலாறு: பூட்டிய தீவிலிருந்து திறந்த கடலுக்கு



உல்லாசக் கப்பல்களில் இன்று நடைபெறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, வைன் சுவைப் பயிலரங்கு. கப்பல் நடுக்கடலில் செல்லும் நாளொன்றில், பயணிகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவர்கள் முன் வடிவத்தால் வேறுபட்ட மூன்று நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். ஒரே திராட்சை மதுவை அவற்றில் மாற்றி மாற்றி ஊற்றி, முகர்ந்து, சிறிது சுவைத்து, கிண்ணத்தின் வடிவத்தால் மணமும் சுவையும் மாறுகின்றனவா என்று பார்ப்பர். தரமான கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையும் பயிற்றுநர் விளக்குவார். கட்டணம் செலுத்திய எவரும் ஒரு மணி நேரத்தில் அதைக் கற்றுக்கொண்டு எழுந்துவிடலாம்.

மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த மேசையிலுள்ள மதுவை விட்டுவிட்டு, அதைத் தாங்கி நிற்கும் கண்ணாடியை மட்டும் பார்ப்போம். இன்று ஒரு மணி நேரப் பாடமாகிவிட்ட இந்த அறிவு, ஒரு காலத்தில் ஒரு தீவுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அது எவ்வாறு வெளியே வந்தது என்பது, கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நமக்கு மிகவும் நெருக்கமான வரலாறாகும்.

பொன்னிலிருந்து கண்ணாடிக்கு

யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. மதுவும் கப்பலும் இணைந்த வரலாறு அத்துணைப் பழைமையானது.

பாண்டியனின் கலம் பொன்னால் ஆனது. ஏறத்தாழ அதே காலத்தில் உரோமாபுரியில் வழக்கம் மாறிக்கொண்டிருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கடற்கரைப் பகுதியில், குழாயால் ஊதிக் கண்ணாடிக் கலம் செய்யும் முறை கண்டறியப்பட்டது. அதன் பின் கண்ணாடிக் கலங்கள் எளிதில் கிடைக்கலாயின. குடிகலங்களாகப் பயன்பட்ட வெள்ளியையும் பொன்னையும் கண்ணாடி விரட்டிவிட்டது என்று கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி எழுதினார். காரணம் எளிது. பொற்கலம் உடைமையாளரின் செல்வத்தைக் காட்டும். உள்ளே இருப்பதைக் காட்டாது. கண்ணாடியோ உள்ளே இருப்பதைக் காட்டும்.

எனினும் அக்காலக் கண்ணாடியில் பெரும்பாலானவற்றில் மணலிலுள்ள இரும்பின் காரணமாகப் பச்சை அல்லது நீலச் சாயல் படிந்திருந்தது. முற்றிலும் நிறமற்ற கண்ணாடியை உருவாக்குவது அரிய கலையாகவே இருந்தது.

மூரானோ: பொன் விலங்கு

1291-ஆம் ஆண்டு வெனிஸ் குடியரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நகரிலுள்ள கண்ணாடி உலைகள் அனைத்தும் அருகிலுள்ள மூரானோ தீவுக்கு மாற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மரவீடுகள் நெருங்கிய நகரில் உலைகளால் தீ மூளும் என்ற அச்சம் அதற்குக் காரணம். ஆனால் அந்த ஏற்பாட்டில் வேறொரு வசதியும் இருந்தது. கைவினைஞர் அனைவரும் ஒரே தீவில் இருந்தால், அவர்களையும் அவர்களுடைய தொழில் இரகசியத்தையும் காப்பது எளிது.

15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அத்தீவைச் சேர்ந்த ஆஞ்சலோ பரோவியேர் 'கிறிஸ்டல்லோ' எனும் தெளிந்த கண்ணாடியை உருவாக்கினார். ஆற்றுப் படுகையிலிருந்து பொறுக்கிய வெண்கூழாங்கற்களைப் பொடித்து, கிழக்கு மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்த தாவரச் சாம்பலைக் கரைத்து வடித்துத் தூய்மைப்படுத்திச் சேர்த்து, நிறத்தைப் போக்கச் சிறிது மாங்கனீசும் இட்டு உருக்கிய கண்ணாடி அது. ஐரோப்பிய அரசவைகள் அதற்காகப் போட்டியிட்டன.

அக்கைவினைஞர்களுக்கு வெனிஸ் மதிப்பை வாரி வழங்கியது. அவர்களின் மகள்கள் பிரபுக் குடும்பத்தில் மணம் புரிந்தால், பிறக்கும் பிள்ளைகளின் பிரபுத் தகுதிக்குக் குறைவு நேராது. ஆயினும் அனுமதியின்றி அவர்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. மீறினால் தண்டனை. கலை தெரிந்தவன் என்பதற்காகவே ஒருவன் மதிக்கப்பட்டான்; அதற்காகவே அடைத்தும் வைக்கப்பட்டான்.

வேலி எவ்வளவு உயர்ந்ததாயினும் சிலர் தப்பினர். இலண்டனில் தொழில் நடத்திய வெனிஸ்காரரான வெர்ஸலினி என்பவருக்கு 1575-இல் முதலாம் எலிசபெத் அரசியார் 21 ஆண்டுத் தனியுரிமை வழங்கினார். அதனுடன் ஒரு நிபந்தனையும் இருந்தது: அவர் தம் கலையை ஆங்கிலேயர்க்குக் கற்பிக்க வேண்டும். வெனிஸ் எதை மறைக்க விரும்பியதோ, அதையே இங்கிலாந்து பாடமாகக் கேட்டது. 1665-இல் பிரான்சும் மூரானோவின் நிலைக்கண்ணாடிக் கைவினைஞர்களை ஆசை காட்டி அழைத்துச் சென்றது.

கப்பலுக்கு மரம், உலைக்கு நிலக்கரி

இனி வரலாறு கடற்படையை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி உலைகள் விறகை விழுங்கின; போர்க்கப்பல் கட்டவோ நல்ல மரம் வேண்டும். எனவே 1615-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கண்ணாடி உலைகளில் விறகை எரிக்கத் தடை விதித்தார். நிலக்கரி உலைக்கான தனியுரிமை, கடற்படைத் தளபதியான சர் ராபர்ட் மான்செலின் கைக்கு வந்தது.

கப்பலுக்காக மரத்தைக் காக்க எடுத்த முடிவு, எவரும் எதிர்பாராத இரு விளைவுகளைத் தந்தது. நிலக்கரி உலையின் கடும் வெப்பத்தில் தடித்த, உறுதியான மதுப்புட்டிகளைச் செய்ய முடிந்தது. மேலும், நிலக்கரிப் புகை உருகிய கண்ணாடியைக் கெடுக்காதிருக்க வழி தேடிய கைவினைஞர்கள், கலவையையும் முறையையும் மாற்றிச் சோதிக்கத் தொடங்கினர்.

ஒரு நூல் செய்த வேலை

வெளியேறிய கைவினைஞர்களைவிட அந்த இரகசியத்தைப் பரப்பியது ஒரு நூல். அந்தோனியோ நேரி எனும் பாதிரியார், கண்ணாடி செய்யும் கலையைப் பற்றி இத்தாலிய மொழியில் எழுதிய நூல் 1612-இல் புளோரன்சில் வெளிவந்தது. எதை எவ்வளவு சேர்ப்பது, எவ்வாறு தூய்மைப்படுத்துவது, எத்தனை நாள் உருக்குவது என்பனவற்றை அவர் வெளிப்படையாக எழுதினார். ஈயம் சேர்த்துச் செய்யும் கண்ணாடியும் அதில் இடம்பெற்றது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1662-இல், கிறிஸ்டோபர் மெரட் எனும் மருத்துவர் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். அவர் இலண்டன் இராயல் சொசைட்டியின் தொடக்க கால உறுப்பினர். அதே ஆண்டு டிசம்பரில், மது பதப்படுத்தும் முறைகளைப் பற்றியும் அச்சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். மதுவில் சர்க்கரை சேர்த்து அதை நுரைக்கச் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்ததை அக்கட்டுரை பதிவு செய்தது. நுரைக்கும் மதுவைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் சொல்லும் தோம் பெரிஞோன் துறவி, தம் மடத்திற்கு வந்ததே 1668-இல்தான். நுரைக்கும் மதுவின் அழுத்தத்தைத் தாங்கியவை நிலக்கரி உலையில் பிறந்த அந்த உறுதியான புட்டிகளே.

1674-இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் எனும் வணிகர், படிகம் போன்ற புதிய கண்ணாடிக்கு ஏழாண்டுக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதற்கலங்களில் நாளடைவில் நுண்ணிய விரிசல்கள் வலைபோலப் படர்ந்தன. கலவையில் ஈய ஆக்சைடைச் சேர்த்து அக்குறையைத் திருத்தினார். 1677 முதல், பொறுப்புடன் செய்தவை என்பதற்கு அடையாளமாகக் காக்கைத் தலை முத்திரையைத் தம் கலங்களில் பதித்தார். ஈயக் கண்ணாடி கனமானது. ஒளியை நன்கு சிதறடித்து மின்னுவது. விரலால் தட்டினால் மணிபோல் ஒலிப்பது. 1681-இல் அவரது காப்புரிமை முடிந்தபின், பிற உலைகளும் தடையின்றி அதைச் செய்தன.

பின்னர் வடிவத்தை வரியும் மாற்றியது. 1745-இல் பிரிட்டனில் கண்ணாடிக்கு எடை அடிப்படையில் வரி விதிக்கப்பட்டது. கைவினைஞர்கள் கனத்தைக் குறைத்து, தண்டுக்குள் காற்றிழைகளை முறுக்கி அழகு சேர்த்தனர். அந்த வரி 1845-இல்தான் நீங்கியது. கப்பல் ஆடும்போது கவிழாதிருக்க அகன்ற அடிப்பகுதி கொண்ட மதுக்குடுவைகளும் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றின. கடற்படைத் தலைவர் ரோட்னியின் பெயர் அவற்றுக்கு வழங்கியது.

வடிவமும் சுவையும்

இன்றைய பயிலரங்குகளின் மூலக் கருத்து 20-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. போஹீமியாவில் 1756-இல் தொழில் தொடங்கிய ரீடல் குடும்பத்தின் வழிவந்த கிளாஸ் யோசப் ரீடல், 1973-இல் மதுவகைக்கேற்ப வடிவம் மாறும் பத்துக் கிண்ணங்கள் கொண்ட வரிசையை வெளியிட்டார். அலங்காரமற்ற, மெல்லிய, நீண்ட தண்டுடைய கிண்ணங்கள் அவை. நான்கே ஆண்டுகளில், 1977-இல், பன்னாட்டுத் தர அமைப்பு மது சோதிப்போருக்கென ஒரே ஒரு கிண்ணத்தை வரையறுத்தது. அதன் உயரம் சுமார் 155 மில்லிமீட்டர், கொள்ளளவு சுமார் 215 மில்லிலிட்டர். விரிந்த இடத்தில் 65 மில்லிமீட்டராக உள்ள விட்டம், வாயருகில் 46 மில்லிமீட்டராகக் குறுகும். அதில் 50 மில்லிலிட்டர் மட்டுமே ஊற்றுவர். ஒருபுறம் மதுவுக்கொரு கிண்ணம். மறுபுறம் எல்லா மதுவுக்கும் ஒரே கிண்ணம். இரண்டில் எது சரி?

ஆசிரியரும் பெற்றோரும் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கிண்ணத்தின் வடிவம் மதுவை நாவின் குறிப்பிட்ட பகுதியில் விழச் செய்து சுவையை மாற்றுகிறது என்று விற்பனையாளர் சிலர் நெடுங்காலம் கூறிவந்தனர். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, பக்கங்களில் புளிப்பு எனும் 'நாக்கு வரைபடம்' அதற்கு ஆதாரம். நம்மில் பலர் பள்ளிப் பாடநூலில் கண்ட அதே படம்தான்!

1901-இல் ஹெனிக் எனும் ஜெர்மானியர், நாவின் பகுதிகளுக்கிடையே உணர்திறனில் சிறு வேறுபாடு இருப்பதை அளந்து எழுதினார். 1942-இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் தம் நூலில் அதனை வரைபடமாக்கியபோது, சிறு வேறுபாடு பெரிய வேறுபாடாகத் தோற்றமளித்தது. 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி சோதித்து, வேறுபாடு உண்டெனினும் அது மிகச் சிறியதே என்று காட்டினார். எல்லாச் சுவைகளையும் நாவின் எல்லாச் சுவைப் பகுதிகளும் உணர்கின்றன. ஆயினும் அந்தப் படம் பாடநூல்களிலும் கிண்ண விளம்பரங்களிலும் பின்னரும் நீடித்தது.

அப்படியானால் வடிவத்திற்குப் பயனே இல்லையா? உண்டு, அது நாவில் இல்லை, மூக்கில் உள்ளது. அப்போது தோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகம் என்று வழங்கிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மதுவிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடித்து 2015-இல் வெளியிட்டனர். 13 பாகை செல்சியசில், வைன் கிண்ணத்தின் விளிம்பையொட்டி ஆவி வளையமாக நின்றது. நடுவில் குறைவாக இருந்தது. ஆகவே ஆல்கஹாலின் நெடி குறைந்து, பிற மணங்களை உணர வாய்ப்புண்டு. நேரான கிண்ணத்தில் அவ்வளையம் தோன்றவில்லை. 25 பாகையில் வைன் கிண்ணத்திலும் அது தோன்றவில்லை.

எனவே தரமான கிண்ணத்திற்குரிய இலக்கணம் சுருக்கமானது. நிறமற்றதாகவும் செதுக்கல் இல்லாததாகவும் இருக்க வேண்டும். உள்ளிருப்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நடுப்பகுதி விரிந்து வாய் குறுகினால் மணம் தங்கும். கையின் சூடு ஏறாதிருக்கத் தண்டு வேண்டும். விளிம்பு மெல்லியதாக இருத்தல் நன்று. ஈயமற்ற படிகக் கண்ணாடி இன்று தாராளமாகக் கிடைக்கிறது. பழைய ஈயக் குடுவைகளில் மதுவை மாதக்கணக்கில் வைத்தால் ஈயம் கரைந்து கலப்பதை 1991-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வாறு எந்தப் பானத்தையும் சேமிக்கலாகாது. விலை உயர்ந்தால் தரமும் உயரும் என்பது இவ்விலக்கணத்தில் எங்குமில்லை.

வகுப்பறைக்கு

வெனிஸ் தன் அறிவைப் பூட்டி வைத்தது, நேரி அதை எழுதி வைத்தார், மெரட் மொழிபெயர்த்தார், ரேவன்ஸ்கிராப்ட் திருத்தினார். பூட்டிய அறிவில் பிழை இருந்தாலும் அதைக் காண்பவர் சிலரே. திறந்த அறிவில் பிழை வெளிப்படும், ஆனால் யாரேனும் சோதித்தால் மட்டுமே. நாக்கு வரைபடம் எல்லார்க்கும் திறந்தே இருந்தது. சோதிப்பார் குறைவாக இருந்ததால் நூல்களில் நிலைத்துவிட்டது.

மாணவர்களுக்கு இதனை மதுவின்றியே விளக்கலாம். சிறிது சர்க்கரைக் கரைசலையும் உப்புக் கரைசலையும் தூய பஞ்சுக் குச்சிகளில் தோய்த்து, நாவின் நுனியிலும் பக்கங்களிலும் அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் குச்சிகளைப் பயன்படுத்துவது அவசியம். அடுத்து, ஒரே ஆரஞ்சுச் சாற்றை வாய் அகன்ற கிண்ணத்திலும் வாய் குறுகிய கிண்ணத்திலும் ஊற்றி, கண்ணை மூடி முகரச் சொல்லலாம். கண்டதைக் கண்டவாறே எழுதச் சொல்லுங்கள். பாடநூலில் உள்ளதோடு அது ஒத்துவராவிட்டால், அன்றைய அறிவியல் பாடம் வெற்றி பெற்றது என்று கொள்ளலாம்.

முயன்று பார்த்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் தங்கள் மாணவர்கள் கண்டதை எழுதித் தெரிவித்தால் மகிழ்வேன்.