தாகூரின் பேய்க்கதைகளில் காதல்

இரவீந்திரநாத் தாகூர் எழுதிய சிறுகதைகளுள் பேய்க்கதைகள் எனத்தக்கவை சிலவே. 1892க்கும் 1898க்கும் இடையில் வெளிவந்த நான்கு கதைகளில் அச்சத்தோடு காதலும் பிரிவின்றிப் பிணைந்து வருகின்றது. இப்பிணைப்பைச் சுவை கருதிய சேர்க்கை என்று ஒதுக்கிவிட இயலாது. அக்கால வங்கக் குடும்பத்தில் பெண் உயிரோடிருந்து சொல்ல இயலாததை இறந்தபின் சொல்லுவதற்கு இக்கதைவடிவம் இடந்தந்தது எனலாம்.

இதற்குத் தெளிவான சான்று 'கங்கால்' (எலும்புக்கூடு, 1892) என்னும் கதையாகும். சிறுவயதில் உடற்கூறு பயின்ற அறையில் பின்னாளில் ஓரிரவு தனித்துறங்கும் ஒருவனிடம், அங்குத் தொங்கிய எலும்புக்கூட்டிற்குரியவள் வந்து தன் வரலாற்றைக் கூறுகிறாள். மணமான சில திங்களில் கைம்மை எய்தியவள். தமையனின் நண்பனாகிய மருத்துவன்மீது காதல் கொள்கிறாள். அவனோ பெருந்தொகை வரதட்சணைக்காக வேறொருத்தியை மணக்கப் புறப்படுகிறான். அவன் அருந்தும் மதுவில் நஞ்சு கலந்தபின், தானும் நஞ்சுண்டு மணக்கோலத்தில் தோட்டத்தில் கிடக்கிறாள். தன் அழகை உலகம் காணும் என்றெண்ணியவளின் எலும்புகளை எண்ணிச் சிறுவர் பாடம் படிக்கின்றனர். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. ஆயினும் 36 ஆண்டுகளுக்குப் பின்னும் இப்பெண்ணின் வாழ்வில் அச்சட்டத்தின் நிழல்கூடப் படவில்லை என்பது நோக்கத்தக்கது. பழையனூர் நீலி கதையை அறிந்த தமிழ் வாசகர் இங்கும் பழிதீர்க்கும் பேயையே எதிர்பார்ப்பர். பழியை இவள் உயிரோடிருந்தபோதே தீர்த்துவிட்டாள். பேயாக வந்தபின் வேண்டுவது கேட்பதற்கு ஒரு செவி மட்டுமே.

'நிசீதே' (நள்ளிரவில், 1895) கதையில் பேச்சு ஒரு வினாவாகச் சுருங்குகிறது. நோயுற்ற மனைவி, மருத்துவரின் மகள் அறைக்குள் வருவதைக் கண்டு "யார் அவள்?" என்று திடுக்கிட்டுக் கேட்கிறாள். உடலில் தேய்க்கத் தந்த நச்சு மருந்தை அருந்தி அவள் இறக்கிறாள். அப்பெண்ணையே மணந்த கணவனுக்குப் பத்மை ஆற்றின் மணல்வெளியிலும் அவ்வினா கேட்கிறது. பேய் உண்டா என்பதை ஆசிரியர் முடிவு செய்யவில்லை. கணவனின் குற்றவுணர்வே போதுமானதாக இருக்கிறது. இந்நான்கனுள் அமைப்பால் சிறந்தது இதுவே என்பது என் துணிபு.

'மணிஹாரா' (1898) நகையாசையையே முதன்மையாகக் கொண்டது. காதல் அங்குக் கணவனிடம் மட்டுமே உள்ளது. சத்யஜித் ராய் 1961-இல் இதனைத் திரைப்படமாக்கினார்.

மிகுபுகழ் பெற்ற 'க்ஷுதித பாஷாண்' (பசித்த கல், 1895) இவ்வகையில் வேறுபட்டது. பாழடைந்த அரண்மனையில் தங்கும் வரி அலுவலர் இரவுதோறும் ஒரு பாரசீகப் பெண்ணின் சாயலைத் தேடி அலைகிறார். அவளோ தன்னைப் பற்றித் தெளிவாக ஏதும் கூறுவதில்லை. அவளுடைய பழங்கதையை அவர் சொல்லத் தொடங்கும் வேளையில் இரயில் வந்துவிடுகிறது. கேட்டிருந்தவர்கள் வேறு பெட்டியில் ஏறிச் செல்கின்றனர்.